சம்பளம் ஒரு ஊர்ல, ஓட்டு ஒரு ஊர்ல: உள்ளாட்சி ஊழியர் சொந்த ஊருக்கு என்ன செய்யலாம், எப்படி செய்யலாம்

நான் ஒரு நகராட்சியில வரி வசூல் பாக்குற ஆளு. ஆர்டர்ல வருவாய் உதவியாளர்னு இருக்கும், தெருவுல எல்லாருக்கும் பில் கலெக்டர் தான். வீடு அங்கேர்ந்து பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி, டெல்டா பக்கம் ஒரு கிராம ஊராட்சியில. காலைல டவுன்ல கதவத் தட்டுனா "இந்தா வந்துட்டாரு"ன்னு முகத்த சுளிக்கிறாங்க, சாயங்காலம் ஊருக்கு வந்தா "நீ கவர்மெண்ட்டு ஆளாச்சே தம்பி, இந்த தெருலைட்ட கொஞ்சம் சொல்லி போடச் சொல்லேன்"னு திண்ணையில காத்துக்கிட்டிருக்காங்க. நகராட்சியில வேல பாக்குறவனுக்கு ஊராட்சி லைட்டு மேல என்ன அதிகாரம் இருக்கு, ஒண்ணும் கிடையாது, ஆனா அத திண்ணையில உக்காந்திருக்குற பெரியப்பாகிட்ட சொல்லி புரியவைக்க முடியாது.

நம்ம ஆளுங்க இதுல ரெண்டு மாதிரி. ஒருத்தர் "எதுக்கு வம்பு, வேலைக்கு ஆப்பு வந்துரும்"னு ஊர் விஷயம் எதுலயும் தல காட்டவே மாட்டாரு. இன்னொருத்தர் "நான் பாத்துக்கிறேன்"னு போன போட்டு அங்க இருக்குற கிளர்க்க மிரட்டி காரியம் சாதிப்பாரு, ஒரு நாள் மாட்டுவாரு. நான் ரெண்டு பக்கமும் நின்னு பாத்துட்டேன். இப்ப நான் வச்சிருக்குற கணக்கு ஒண்ணு தான்: சம்பளம் வாங்குற இடத்துல நான் ஊழியர், ஓட்டு இருக்குற இடத்துல நான் குடிமகன், ஊருக்கு கொண்டு போக வேண்டியது ஆபீஸ்ல கத்துக்கிட்ட வேல தான், ஆபீஸ் பவர் வாசப்படியோட நிக்கணும். ஒரு ஃபைல் எப்படி நகருது, மனு எங்க போய் தூங்குது, தீர்மானம் எப்படி எழுதுனா காசு வரும், இதெல்லாம் நமக்கு பழகிப்போச்சு, ஆனா ஊர்ல பத்து பேருக்கு கூட தெரியாது.

மொதல்ல உங்க ஓட்டு எங்க இருக்குன்னு பாருங்க

சிரிக்காதீங்க. ட்ரான்ஸ்ஃபர்ல நாலு ஊர் மாறுனவங்க பாதி பேருக்கு பேரு பழைய வாடகை வீட்டு அட்ரஸ்லயே கெடக்கு. அடுத்தவங்க ஓட்டையெல்லாம் வீடு வீடா போயி சரிபாக்குற பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) டூட்டி பாத்துட்டு, சொந்த ஓட்டு எங்கன்னு தெரியாத ஒரு மேடம என் செக்ஷன்லயே பாத்திருக்கேன். வீடு மாறியிருந்தா படிவம் 8 போட்டு மாத்திக்கோங்க. வீட்டுல பதினெட்டு முடியிற புள்ளைங்க இருந்தா படிவம் 6, அதுக்கு இப்ப ஜனவரி 1 மட்டும் இல்லாம ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ன்னு வருஷத்துக்கு நாலு தகுதி நாள் இருக்கு.

இது ஏன் முக்கியம்னா, ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்குற ஒவ்வொருத்தரும் அந்த ஊர் கிராம சபை உறுப்பினர். யாரும் உங்கள நியமிக்க வேண்டாம், யாரும் தூக்கவும் முடியாது, நகராட்சி ஊழியரா இருந்தாலும் சரி, பேரூராட்சியில தண்ணி தொறந்து விடுறவரா இருந்தாலும் சரி. 1994 ஊராட்சிகள் சட்டம் குடுத்த இடம் அது.

எது கூடும், எது கூடாது

இத ஒழுங்கா படிச்சுட்டு தான் மத்தது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ல இருக்கு, உள்ளாட்சி ஊழியர்களுக்கான பணி விதிகளும் பெரும்பாலும் அதே தடத்துல தான் போகும். கட்சியில உறுப்பினரா இருக்கக் கூடாது, தேர்தல்ல யாருக்கும் ஓட்டு கேக்கக் கூடாது, வண்டியிலயும் வீட்டுலயும் சின்னத்த மாட்டக் கூடாது. நிக்கணும்னு ஆசையிருந்தா வேலைய ராஜினாமா பண்ணிட்டு தான் நிக்கணும். அரசாங்கத்த திட்டி எழுதுறதும் கூடாது, அது ஃபேஸ்புக்கா இருந்தாலும் ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பா இருந்தாலும் எழுத்து எழுத்து தான், ஸ்க்ரீன்ஷாட் எடுக்க யாராச்சும் ஒருத்தன் எப்பவும் இருப்பான்.

சம்பளம் வாங்காம செய்யிற சமூக சேவை, தர்ம காரியம், எப்பவாச்சும் எழுதுறது, கலை நிகழ்ச்சி, இதுக்கெல்லாம் விதியிலயே இடம் இருக்கு, ஆபீஸ் வேல கெடாம இருக்கணும், அவ்வளவு தான். நிறைய பேரு இந்த வரிய படிச்சதே இல்ல, "கவர்மெண்ட் வேலையில இருக்குறவன் எதுலயும் சேரக்கூடாது"ன்னு யாரோ ஒரு சூப்பரெண்ட் எப்பவோ சொன்னத நம்பிக்கிட்டு ரிட்டையர்டே ஆயிடுறாங்க.

பணம் வசூல் பண்றது தான் பெரிய கண்ணி. நான் விழுந்த குழி அது. ஊர்ல கோயில் குளம் ஆகாயத்தாமரை மண்டி நாறிக் கெடந்துச்சு, பசங்க எல்லாம் சேந்து வீட்டுக்கு 200 ரூபா போட்டு ஜேசிபி விடலாம்னு பேசுனோம், நான் பெரிய மனுஷன் மாதிரி என் பேரு, என் பதவி, என் ஜிபே நம்பர் எல்லாம் போட்டு குரூப்ல தட்டி விட்டுட்டேன். பதினோராவது நாள் ஆபீஸ்ல மெமோ. முன் அனுமதி இல்லாம பொதுமக்கள்கிட்ட நன்கொடை வசூலித்தது ஏன்னு விளக்கம் கேட்டு. ஒரு ரூபா நான் தொடல, ஆனா கேள்வி அது இல்லையே. விளக்கம் எழுதி குடுத்து, வந்த பணத்தையெல்லாம் ஒவ்வொருத்தருக்கா திருப்பி அனுப்பி, அந்த ஸ்டேட்மென்ட்ட பிரிண்ட் எடுத்து சேத்து தான் தப்பிச்சேன். இப்பவும் ஊர்ல வசூல் நடக்குது, நாட்டாண்மை வகையறா நோட்டு போட்டு வாங்குறாங்க, என் பங்க நான் குடுத்துட்டு கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கி தாமரைய இழுக்குறேன், அதுக்கு எந்த விதியும் குறுக்க வராது.

அதே மாதிரி டியூஷன், கோச்சிங். இலவசமா எடுத்தா சேவை, மாசம் 500 வாங்குனா தனியார் வேல, அனுமதி இல்லாம செஞ்சா சிக்கல். தொடர்ச்சியா ஒரு வேல எடுத்துக்கிறீங்கன்னா இலவசமா இருந்தாலும் ஒரு கடிதம் குடுத்துருங்க, பின்னாடி யாராச்சும் மொட்டக் கடுதாசி போட்டா அது தான் காப்பாத்தும். எப்படி எழுதணும்னா, உரிய வழியாகன்னு மேல போட்டுட்டு, "பொருள்: பணியமைப்பு - அலுவல் நேரம் நீங்கலாக, ஊதியம் ஏதுமின்றி, கிளை நூலகத்தில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க அனுமதி கோருதல் - தொடர்பாக". கீழ நாலே வரி: எந்த எடம், வாரத்துல எந்த நாள், எத்தன மணி, காசு வாங்கல. தபால் பிரிவுல குடுத்து காப்பியில சீல் வாங்கி வச்சுக்கோங்க. பதில் வர லேட் ஆவும், நம்ம ஆபீஸ் தானே, தெரியாதா.

இன்னொன்னு, மேஜை மேல இருக்குற ஃபைல்ல பாத்தத ஊர்ல சொல்லாதீங்க. "அந்த டெண்டர் யாருக்குன்னு எனக்கு தெரியும்"னு டீக்கடையில ஒரு வார்த்த விட்டா போச்சு. யாராச்சும் தகவல் கேட்டா 2005 தகவல் உரிமைச் சட்டத்துல எப்படி மனு போடுறதுன்னு சொல்லிக் குடுங்க, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாள்ல பதில் வரணும். கேள்விய மட்டும் திருத்தி குடுங்க. "ரோடு ஏன் போடல"ன்னு கேட்டா பதில் வராது, "இந்த தெருவுக்கான மதிப்பீட்டு நகல், வேலை உத்தரவு நகல், எம்-புக் (அளவுப் புத்தகம்) நகல் வேண்டும்"னு கேட்டா தான் பேப்பர் கைக்கு வரும்.

கிராம சபைக்கு போறது எப்படி

ஒரு காலத்துல வருஷத்துக்கு நாலு தான், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-லேர்ந்து மார்ச் 22 உலக தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் சேத்து ஆறு ஆக்கிட்டாங்க. இதுல நமக்கு மட்டும் ஒரு வேடிக்கையான கஷ்டம். ஆகஸ்ட் 15-ம் ஜனவரி 26-ம் ஊருக்கே லீவு, நமக்கு ஆபீஸ்ல கொடியேத்தம், போகலைன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க. நான் என்ன பண்ணுவேன்னா கொடியேத்தி முட்டாய் வாங்கி சட்டப்பையில போட்டுக்கிட்டு நேரா வண்டிய எடுத்துருவேன், பதினோரு மணி கூட்டத்துக்கு ஊர்ல இருப்பேன். நவம்பர் 1, மார்ச் 22 வேல நாள்ல வந்துச்சுன்னா சிஎல் (தற்செயல் விடுப்பு) போடணும், வருஷத்துக்கு 12 சிஎல் தான் இருக்கு, அதுல ரெண்ட இதுக்குன்னு ஒதுக்கி வச்சுருங்க. பாவம் ஊராட்சி செயலர்கள், சொந்த ஊரு ஒண்ணு, வேல பாக்குற ஊராட்சி ஒண்ணுன்னு இருந்தா ஆறு நாளும் அங்க மினிட் எழுதிக்கிட்டு இருக்கணும், சொந்த ஊர் கூட்டத்த கண்ணால பாக்க முடியாது. அவங்க சொந்த ஊர் கூட்டத்துக்கு, வீட்டுல உள்ளவங்க கையில எழுத்து மனுவ குடுத்து அனுப்பலாம்.

போனதும் வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போடுங்க. கோரம், அதாவது கொறஞ்சது எத்தன பேரு வரணும்னு ஒரு கணக்கு இருக்கு: 500 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு 50 பேரு, 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. இது பல ஊர்ல நூறுநாள் வேல ஆளுங்கள வரச்சொல்லி தான் நெறயும், வந்தவங்க கையெழுத்து போட்டுட்டு மரத்தடியில உக்காந்துருவாங்க. நீங்க போய் ஒரு பத்து பதினஞ்சு வீட்டு ஆளுங்கள முன்னாடியே பேசி கூட்டிட்டு வந்தீங்கன்னா கூட்டம் வேற மாதிரி இருக்கும்.

இப்ப நம்ம வித்தை. ஊர்க்காரங்க எந்திரிச்சு "தண்ணியே வரல, யாரும் கேக்க மாட்றீங்க"ன்னு கத்துவாங்க, தலைவரோ தனி அலுவலரோ "பாத்துக்கலாம்"னு சொல்லுவாங்க, மினிட்ல "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு ஒரு வரி ஏறும், அதோட செத்துச்சு. விவாதிக்கப்பட்டதுன்னா என்ன அர்த்தம்னு நமக்கு தெரியும். அதனால நான் கூட்டத்துக்கு மொத நாள் ராத்திரியே தீர்மானத்த முழுசா எழுதி எடுத்துட்டு போவேன். போன வருஷம் எழுதுனது இப்படி: "வடக்குத் தெரு கடைசிப் பகுதியில் உள்ள 14 வீடுகளுக்கு குழாய் வழி குடிநீர் சென்று சேராததால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து அப்பகுதி வரை உள்ள பகிர்மானக் குழாயை மாற்றி அமைக்க மதிப்பீடு தயாரித்து, ஒன்றியப் பொறியாளரின் ஒப்புதல் பெற்று, நிதிக்குழு மானியத்தில் மேற்கொள்ள இக்கிராம சபை தீர்மானிக்கிறது." எந்த தெரு, எத்தன வீடு, என்ன வேல, யாரு செய்யணும், எந்த காசு. அஞ்சும் ஒரே வாக்கியத்துல. இத நான் வாசிக்கல, அந்த தெருவுல இருக்குற அக்கா ஒருத்தங்க கையில குடுத்து வாசிக்க சொன்னேன். நான் வாசிச்சா "கவர்மெண்ட் ஆளு ஏதோ பேசுறான்"னு போயிரும், அவங்க கொடத்தோட வந்து நின்னு வாசிச்சப்போ செயலர் பேனாவ மூட முடியல.

காசு எதுன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. 15-வது நிதிக்குழுவுல 2021-26 காலத்துக்கு ஊராட்சிக்கு வந்த மானியத்துல 60 சதவீதம் டைடு, தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் தான் செலவு பண்ணணும்னு இருந்துச்சு, மீதி 40 தான் மத்ததுக்கு. ஊர்க்காரங்க எல்லாரும் ரோடு கேப்பாங்க, அந்த 40-ல தான் அடிச்சுக்குவாங்க, தண்ணி காசு அது பாட்டுக்கு கெடக்கும். தண்ணி, சாக்கடை வேலைய சரியா எழுதி கேட்டா "நிதி இல்ல"ன்னு சொல்ல வாய் வராது.

கூட்டம் முடிஞ்சதும் எழுந்து போயிராதீங்க, தீர்மானப் புத்தகத்துல எழுதி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க, எழுதுனத வாசிக்க சொல்லி கேளுங்க, வெத்து பக்கத்துல கையெழுத்து கேட்டா போடாதீங்க. மரியாதையா சொல்லலாம், "எழுதிருங்க சார், போட்டுட்டு போறேன்". அந்த செயலரும் நம்மள மாதிரி ஒரு ஊழியர் தான், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல தெனம் மீட்டிங், பத்து ரிப்போர்ட்டு, அவர கூட்டத்துக்கு முன்னாடி கொறைச்சு பேசாதீங்க. போன தடவ நான் அவருக்கு அஜெண்டா டைப் பண்ணிக் குடுத்தேன்.

டவுன்ல ஓட்டு இருக்குறவங்களுக்கு ஏரியா சபை, அதாவது பகுதி சபா. வார்டு பகுதி பகுதியா பிரிச்சு மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம்னு கணக்கு, 2022 நவம்பர் 1-ந்தேதி மொத தடவையா நடந்தப்போ முதலமைச்சர் ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல போயி உக்காந்தாரு. பல ஊர்ல அந்த வேகம் இப்ப இல்ல. கவுன்சிலர் ஆபீஸ்ல அடுத்த கூட்டம் எப்பன்னு எழுதி கேளுங்க. வேல பாக்குற நகராட்சியிலயே குடியிருந்தா மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை, உங்க செக்ஷன் விஷயம் வந்தா வாய மூடிக்கிட்டு பக்கத்து வீட்டுக்காரர பேச விடுறது தான் அழகு. பகுதி சபா நியமன உறுப்பினர் பதவியெல்லாம் நமக்கு வேண்டாம்.

கையில இருக்குற தொழில ஊருக்கு கொண்டு போறது

சுகாதாரப் பிரிவுல இருக்குற என் கூட்டாளி ஒருத்தன் செஞ்சது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். எஸ்ஐ-யா, அதாவது சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருக்கான், நாள் முழுக்க தண்ணியில குளோரின் பாக்குற குளோரோஸ்கோப் பைய தூக்கிக்கிட்டு அலையிறவன். ஒரு ஞாயித்துக்கெழம அவன் சொந்த ஊரு மேல்நிலைப்பள்ளி பசங்க இருபது பேர கூட்டிட்டு, டேங்க்குக்கு கீழ இருக்குற குழாய்ல ஆரம்பிச்சு தெருக்கோடி குழாய் வரைக்கும் நடந்தான். சின்ன கண்ணாடி குழாய்ல தண்ணி புடி, ஓ.டி.ன்னு சொல்ற ஆர்த்தோடாலிடின் சொல்யூஷன் ரெண்டு சொட்டு விடு, மஞ்சளா மாறுதான்னு பக்கத்துல இருக்குற கலரோட வச்சுப் பாரு. டேங்க்குக்கு கீழ நல்ல மஞ்சள், நடுத்தெருவுல வெளிறுன மஞ்சள், கடைசி தெருவுல மாறவே இல்ல, பச்சத்தண்ணி மாதிரியே நின்னுச்சு. கடைசி வீட்டுலயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கணும்ங்கறது தான் கணக்கு. பசங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க, யாரையும் திட்டல, புகார் போடல, அந்த நோட்டு பக்கத்த டேங்க் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட காட்டுனாங்க. அவரு "எனக்கு பிளீச்சிங் மூட்டை வந்தே ஒன்றரை மாசம் ஆச்சு தம்பி"ன்னு சொன்னாரு. அப்ப தான் விஷயமே எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுச்சு, அத அடுத்த கிராம சபையில எழுதிக் குடுத்தாங்க. (சொட்டு விட்ட தண்ணிய குடிச்சிராதீங்க, கீழ ஊத்திட்டு கைய கழுவுங்க, அந்த மருந்து உடம்புக்கு ஆகாது.)

எலக்ட்ரிகல் ஆளு ஊர்ல தெருலைட்டு கம்ப நம்பர் பெயின்ட்டுல எழுதி ஒரு லிஸ்ட் போட்டுக் குடுக்கலாம், "மாரியம்மன் கோயில் பக்கத்து லைட்டு"ன்னு சொல்றத விட "வட-7"ன்னு சொன்னா வேல சீக்கிரம் ஆவும். பிறப்பு இறப்பு பதிவு பாக்குறவங்க ஊர்ல புள்ள பொறந்த வீட்டுக்கு போயி 21 நாளுக்குள்ள பதிய சொல்லலாம், தாத்தா செத்து ஆறு வருஷம் கழிச்சு வாரிசு சான்றுக்கு அலையிற குடும்பத்த நாம தெனம் கவுன்ட்டர்ல பாக்குறோமே. நான் ஞாயித்துக்கெழம காலைல ஒரு ரெண்டு மணி நேரம் மாரியம்மன் கோயில் மண்டபத்துல மனு எழுதிக் குடுக்குறேன். ஒரு மனுவுல ஒரு கோரிக்கை தான், இது தான் என் ஒரே சட்டம். பட்டாவும் பென்ஷனும் ரேஷன் கார்டும் ஒரே பேப்பர்ல எழுதுனா மூணு செக்ஷனும் "எங்களது அல்ல"ன்னு தள்ளி விட்ரும். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு போனா ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்கன்னு சொல்லி அனுப்புவேன்.

நூலகத்த மறந்துராதீங்க. சொத்து வரி போடுறப்போ கூடவே 10 சதவீதம் நூலக வரி நாம தான் வசூல் பண்றோம், 1948 பொது நூலகச் சட்டம் அது, ஆனா வசூல் பண்ற நம்மள்ல எத்தன பேரு அந்த நூலகத்துக்குள்ள போயிருக்கோம். கிளை நூலகத்துல வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்கும், சேருங்க. குரூப் 4 படிக்கிற புள்ளைங்க அங்க தான் உக்காந்திருக்கும், 200 கேள்வியில 100 தமிழ், அதுல 40 சதவீதம் எடுக்கலன்னா மீதிய திருத்தவே மாட்டாங்கங்கறது கூட தெரியாம ஜிகே புக்க மட்டும் உருட்டிக்கிட்டிருக்குற புள்ளைங்கள நான் பாத்தேன். நாம எழுதி பாஸ் பண்ணி வந்தவங்க, சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்.

பள்ளி மேலாண்மைக் குழு பத்தி ஒரு வார்த்த. உங்க புள்ள அரசுப் பள்ளியில படிச்சா நீங்க பெற்றோரா அதுல வரலாம், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி நாலுல மூணு பங்கு பெற்றோர் தான் இருக்கணும். ஆனா ஒரு நெருடல், உள்ளாட்சி ஊழியர்ல எத்தன பேரு புள்ளைய அரசுப் பள்ளியில சேத்திருக்கோம்னு நாமளே கேட்டுக்கணும். என் பொண்ணும் ஆறாவது வரைக்கும் தனியார்ல தான் இருந்துச்சு.

குளம், ஏரி, அப்புறம் வெள்ளம்

குளத்துல எறங்குறதுக்கு முன்னாடி அது யார் குளம்னு பாருங்க. ஆயக்கட்டு, அதாவது அது பாயிற நெலம், 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, அதுக்கு கீழன்னா ஊராட்சி ஒன்றியம், ஊருணி குட்டை எல்லாம் ஊராட்சி, கோயில் குளம்னா அறநிலையத்துறை. விஏஓ-கிட்ட அ-பதிவேட்ட (ஊர் நில விவரப் பதிவேடு) பாத்தா சர்வே நம்பரோட தெரிஞ்சிரும். நம்ம பசங்க ஆர்வத்துல சீமைக்கருவேலத்த வெட்டிப் போட்டுட்டு, அப்புறம் அத ஏலம் விடணும்னு துறை வந்து நின்னு, வெட்டுனவன் மேலயே கேஸ் ஆகுற கூத்தெல்லாம் நடக்கும். வண்டல் மண் எடுக்கணும்னாலும் அனுமதி வேணும். மரம் வெட்டாம, மண் அள்ளாம, குப்பைய மட்டும் பொறுக்குறதுக்கு ஒரு எழுத்து தகவல் போதும். ஊரே காசு போட்டு பெருசா செய்யணும்னா நமக்கு நாமே திட்டத்துல மக்கள் ஒரு பங்கு போட, மீதிய அரசு போடுற மாதிரி போகலாம், அந்த டிடி எடுக்குறது, கடிதம் எழுதுறது எல்லாம் நாம கூட நின்னு பாத்துக்கலாம், டிடி மட்டும் நம்ம பேர்ல வேண்டாம், மேல சொன்ன கதை ஞாபகம் இருக்குல்ல.

2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்போ வெளி மாவட்டத்துலேர்ந்து நகராட்சி ஆளுங்க லாரி லாரியா டெல்டாவுக்கு வந்தாங்க, மரம் அறுத்தாங்க, கரண்ட் இல்லாத டேங்க்குக்கு ஜெனரேட்டர் வச்சு தண்ணி ஏத்துனாங்க. அதே மாதிரி 2015 டிசம்பர்ல சென்னைக்கு நம்ம ஊர் தூய்மைப் பணியாளர்கள் போனாங்க. அது டூட்டி. டூட்டியில நாம வேற ஊர்ல நிக்கிறப்போ நம்ம வீட்ட யார் பாக்குறதுன்னு ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு அக்டோபர் மாசமே ஒரு நோட்டு போட்டு வச்சுருங்க: ஊர்ல ஜெனரேட்டர் யார்கிட்ட, மரம் அறுக்குற மிஷின் யார்கிட்ட, ட்ராக்டர் யாரு, மாசமா இருக்குற பொண்ணுங்க எந்த வீடு, டயாலிசிஸ் போறவங்க யாரு, கூரை வீடு எத்தன. ஒரு காப்பி செயலர்கிட்ட, ஒண்ணு ஊர்ல ஒரு பொறுப்பான பையன்கிட்ட. நோட்டு தான், போன் சார்ஜ் மொத நாளே போயிரும்.

தூய்மைப் பணியாளர் விஷயத்துல நம்மளால பெரிய உதவி செய்ய முடியும், ஏன்னா அவங்க நம்ம ஆபீஸ்லயே கான்ட்ராக்ட்ல இருக்காங்க, நம்ம தெருவுலயே குடியிருக்காங்க. பிஎஃப் புடிக்கிறாங்களான்னு அவங்க போன்லயே யூஏஎன் (பிஎஃப் கணக்கு எண்) போட்டு பாத்து சொல்லுங்க, ஈஎஸ்ஐ கார்டு இருக்கான்னு கேளுங்க, நல வாரியத்துல பதிஞ்சிருக்காங்களான்னு பாருங்க. உங்க தெருவுல யாராச்சும் செப்டிக் டேங்க்குல ஆள எறக்க பாத்தா அங்கயே நிறுத்துங்க, 14420-க்கு போன் போட்டா வண்டி வரும். 2013 சட்டப்படி அது குத்தம், 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சாக்கடை சாவுக்கு இழப்பீட்ட 30 லட்சமா உயத்துச்சு, இத வீட்டு ஓனர்கிட்ட சொன்னா ஆள எறக்க யோசிப்பாரு.

ரத்தம் குடுக்குறது எல்லாருக்கும் தெரிஞ்சது தான், 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தா ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவ. ஆபீஸ்ல ஒரு ரத்த குரூப் லிஸ்ட் போட்டு சுவத்துல ஒட்டுங்க.

கடைசியா, தேர்தல் டூட்டி. ஊருக்கே ஓட்டுப்போட ஏற்பாடு பண்ணிட்டு தன் ஓட்ட விடுறவங்க நம்மள்ல தான் ஜாஸ்தி. மக்களவைத் தேர்தல்ல, உங்க ஓட்டு இருக்குற அதே நாடாளுமன்றத் தொகுதிக்குள்ள டூட்டி விழுந்தா படிவம் 12ஏ குடுத்து தேர்தல் பணிச் சான்று வாங்கிட்டு, டூட்டி பாக்குற பூத்துலயே மிஷின்ல போட்டுரலாம். தொகுதிக்கு வெளியன்னா படிவம் 12 குடுத்து தபால் ஓட்டு, அத வீட்டுக்கு எடுத்துட்டு போயி பீரோவுல வைக்கிற கதையெல்லாம் இப்ப இல்ல, பயிற்சி நடக்குற எடத்துல இருக்குற வசதி மையத்துலயே போட்டுட்டு வந்துரணும். சட்டமன்றத் தேர்தல்ல பெரும்பாலும் வெளித்தொகுதி தான் விழும், அப்ப தபால் ஓட்டு தான். மொத பயிற்சிக்கு போறப்பவே டூட்டி ஆர்டர் நகல், வாக்காளர் அட்டை நகல், பட்டியல்ல உங்க பாகம் எண், வரிசை எண் எழுதுன துண்டுச்சீட்டு, மூணையும் பையில வச்சுக்கோங்க. அங்க போயி "பாகம் எண் என்னம்மா"ன்னு கேக்குறப்போ தான் பாதி பேரு வீட்டுக்கு போன் அடிக்கிறாங்க, வீட்டுல எடுக்க மாட்றாங்க, கவுன்ட்டர மூடிருறாங்க.